நரம்பினுள் மின் கண்ட நல்லறிஞர்

தமிழ் நூல்களைப் பயில்வார்க்கு நரம்பு என்னுஞ் சொல் இருபொருள் தருவதாகும். யாழிற் கட்டப்பெற்ற தந்தியும் நரம்பே. உடலினுட் பரந்து கிடக்கும் நுண்ணிய இழையும் நரம்பே. யாழின் நரம்பை விரல் தீண்டிய அளவில் இசை பிறக்கின்றது. உடலின் நரம்பைத் தீண்டினாற் பிறப்பது யாது? வழிச்செல்வான் ஒருவன் காலில் முள் தைத்தால், தைத்தது முள் என்று அவன் எண்ணு முன்னரே கால் மேலெழுந்து விடுகின்றது. எலியின் அரவங் கேட்ட பூனை பாய்கின்றது. கரையில் நிற்பார் நிழல் பட்ட மீன் விலகியோடுகின்றது. கண்ணிலும் செவியிலும் தோலிலும் பட்டதொன்று, கையையும் காலையும் துடுப்பையும் ஏவுவது எங்ஙனம்? இடையே செல்லுந் தூதன் யாவன்? இவ்வினாவிற்கு விடை தேடி, அதன் பாதியைக் கண்டு, கண்டதன்கண்ணும் தோற்றார் என உலகத்தாராற் கருதப்பெற்று, முடிவில் மனச்சான்றின் பொருட்டுத் தம் பதவியையும் இழந்து மறைந்த பெரியார் ஒருவரின் சரிதத்தை ஈண்டுச் சுருங்கக் கூற விழைகின்றோம். அவர் இத்தாலி தேசத்து லூயிஜி கால்வானி என்பார்.

தமிழ் பயிலும் யாம் உடல் நூலினுட் புகுதல் தகுமோ எனச் சிலர் வினவலாம். தொல்காப்பியனார் தம் நூலின் மரபியலில் உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு ஈறாகப் புலனறிவின் வழியே வகுத்துரைத்தனர். உயிரின் இயல்பை அறியப் புகுவார் புலனின் இயல்பை அறிதல் வேண்டும் என்பது நம் முன்னோர்க்கும் உடன்பாடே. ஆதலின் இப்பொருட்கு யாம் முற்றும் அயலார் அல்லேம்.

கால்வானி 1737 ஆம் ஆண்டு செப்டம்பர் 9 ஆம் நாள் இத்தாலியின் வடபாகத்திலுள்ள பொலோஞா என்னும் நகரிற் பிறந்தார். தந்தையார் பொற்கொல்லர். ஐரோப்பாவின் சர்வகலாசாலைகளுள் மிகப் பழையது எனப் போற்றப்படுவது அந்நகரில் உள்ளது. இளமையில் அவர் துறவு பூண்டு சமயத் தொண்டு ஆற்றவே விரும்பினார். வீட்டார் தடுத்தமையின் மருத்துவங் கற்கத் தலைப்பட்டார். 1759 இல் மருத்துவத்திலும் தத்துவ சாஸ்திரத்திலும் பட்டம் பெற்றார். தமக்கு ஆசிரியராயிருந்த கலேயாட்சி என்பாரின் மகள் லூசியாவை மணந்தார். எலும்பின் அமைப்பையும், பறவைகளின் சிறுநீரகத்தையும், அவற்றின் செவியையும் ஆராய்ந்து எழுதினார். 1782 இல் மகப்பேற்று மருத்துவப் பேராசிரியராக அமர்த்தப்பெற்றார். ஏழையர் பலர்க்கு ஊதியங் கருதாது வைத்தியஞ் செய்தார். இவ்வளவில் நின்றிருப்பின், தம் ஊரார் போற்றும் நல்ல வைத்தியர் ஒருவராக வாழ்ந்து மறைந்திருப்பார். அவரை உலகறியச் செய்தது ஒரு தவளையின் கால்.

அதனைக் கூறு முன், நரம்பைப் பற்றி அக்காலத்தார் கொண்டிருந்த கருத்தைச் சிறிது கூறல் வேண்டும். நரம்புகள் நுண்ணிய குழாய்கள் என்றும், மூளையினின்று ஒருவகை ஆவி அவற்றினூடே ஓடித் தசையுட் புகுந்து அதனை உப்பச் செய்தலாற் கைகால்கள் அசைகின்றன என்றும் நெடுங்காலம் நம்பப்பெற்றது. 17 ஆம் நூற்றாண்டில் ஹாலந்து தேசத்து ஸ்வாமர்டாம் என்பார் தவளையின் தசையொன்றைக் கண்ணாடிக் குழாயிலிட்டு, அது சுருங்குங்கால் பருமனிற் பெருகுவதில்லை என்று காட்டினார். உள்ளே ஆவி புகுந்ததாயின் பருமன் மிகவேண்டும் அன்றோ? ஆவிக் கொள்கை இங்ஙனம் தளர்ந்தது. அடுத்த நூற்றாண்டில் மின்சாரம் கற்றோர்க்கும் மற்றோர்க்கும் பெரும் புதுமையாக விளங்கவே, நரம்பில் ஓடுவது மின்சாரமே போலும் என்று சிலர் கூறலாயினர். ஹாலர் என்னும் பேரறிஞர் அதனை மறுத்தார். மின்சாரம் ஈரமுள்ள பொருள் யாவற்றினும் பரவுவதாகலின், ஈரமே நிறைந்த உடலில் அது நரம்பினுள் மட்டும் அடங்கி ஓடுதல் எங்ஙனம் என்பது அவர் தடை. தடை வலியதே. எனினும் 1772 இல் ஆங்கிலேயராகிய ஜான் வால்ஷ் என்பார், மின்திருக்கை என்னும் மீன் தன்னைத் தீண்டுவார்க்குத் தரும் அதிர்ச்சி மின்சாரத்தால் விளைவதே எனக் காட்டினார். ஒரு மீன் தன் உடலில் மின்சாரத்தை ஆக்க வல்லதாயின், ஏனைய உயிர்கள் ஆக்கலாகாதோ என்னும் ஐயம் அறிஞரிடையே எழுந்தது.

கால்வானி தம் இல்லத்திலேயே ஆராய்ச்சி செய்து வந்தார். தோலுரித்த தவளையின் பின்கால் இரண்டும், அவற்றிற்குச் செல்லும் நரம்பும், முதுகெலும்பின் ஒரு சிறு துண்டும் மட்டும் எஞ்சுமாறு அறுத்து மேசைமேல் வைத்துக்கொள்வது அவர் வழக்கம். 1781 ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் ஒரு நாள், உடனிருந்த ஒருவர் அறுவைக் கத்தியின் நுனியால் அந்நரம்பை மெல்லத் தொட்டார். அவ்வளவில் உயிரற்ற கால்கள் திடீரெனச் சுருங்கி உதைத்தன. மேசைக்குச் சற்று அப்பால் மின்னியந்திரம் ஒன்று இருந்தது. அதனினின்று பொறி எழுந்த அதே கணத்திற்றான் கால்கள் உதைத்தன என்பதை அங்கிருந்தோர் கண்டனர். இயந்திரத்திற்கும் தவளைக்கும் இடையே கம்பியாதும் இல்லை. கால்வானி மீண்டும் மீண்டும் அதனைச் செய்து பார்த்தார். பொறி எழும்போது நரம்பைக் கத்தி தொட்டிருப்பின் கால் அசைந்தது; பொறி எழாத காலத்துத் தொட்டால் அசையவில்லை.

லூசியா அம்மையார் நோயுற்றிருந்தமையின் அவருக்குச் சாறு சமைப்பதற்காகத் தவளைகள் கொணரப்பட்டன என்றும், அவ்வாறு வைத்திருந்த தவளையின் கால் தற்செயலாகத் துடித்தது என்றும் ஒரு கதை வழங்குகின்றது. கேட்டற்கு இனிய கதைதான். ஆயினும் கால்வானியின் குறிப்பேடுகளை நோக்குவார்க்கு, அந்நாளுக்கு முன்னரே அவர் தவளையின் நரம்பையும் மின்சாரத்தையும் முறையாக ஆராய்ந்து வந்தார் என்பது புலனாகும். தற்செயல் தேடாதவன் கண்ணிற் படுவதில்லை. லூசியா கணவரின் ஆராய்ச்சியில் ஈடுபாடு கொண்டு துணைநின்றவர் என்பது மட்டும் உண்மை.

இயந்திரத்தின் மின்சாரத்தால் அசையும் கால், வானத்து மின்னலாலும் அசையுமோ என்று கால்வானி அடுத்துச் சிந்தித்தார். 1786 இல் வீட்டின் மேல் உயரத்தில் ஒரு கம்பியை நிறுத்தி அதனைத் தவளையின் நரம்போடு இணைத்தார். காலினின்று மற்றொரு கம்பியைக் கிணற்று நீருட் செலுத்தினார். இடிமழை வந்தது. மின்னல் தோன்றுந்தோறும், இடியோசை செவிக்கு எட்டு முன்னரே, கால்கள் துடித்தன. பின்னர் அவ்வாண்டு செப்டம்பரில், வானம் தெளிந்திருந்த ஒரு நாளில், தவளைக் கால்களைத் தண்டுவடத்தினூடே செருகிய பித்தளைக் கொக்கிகளால் மாடத்தின் இரும்புக் கிராதியில் தொங்கவிட்டுக் காத்திருந்தார். நெடுநேரம் யாதும் நிகழவில்லை. காத்திருந்து சலித்துக் கொக்கியைக் கிராதியோடு சேர்த்து அழுத்தினார். கால்கள் உதைத்தன! இயந்திரமும் இல்லை, மின்னலும் இல்லை. உள்ளறைக்குச் சென்று தவளையை இரும்புத் தட்டின்மேல் வைத்துக் கொக்கியால் தட்டைத் தொட்டார். அங்கும் அவ்வாறே நிகழ்ந்தது. புறத்தேயிருந்து மின்சாரம் வரவில்லையாயின், அது தவளையின் உள்ளிருந்தே வருதல் வேண்டும் என்று அவர் துணிந்தார்.

இத்துணிவைக் கால்வானி உடனே வெளியிட்டாரல்லர். பல ஆண்டுகள் பொறுத்திருந்தார். அதற்கிடையில் லூசியா அம்மையார் இறந்தார். அவர்களுக்கு மக்கள் இல்லை. மனைவியை இழந்த பின்னர், 1791 இல், தசையின் அசைவில் மின்சாரத்தின் ஆற்றல்களைப் பற்றி லத்தீன் மொழியில் அவர் எழுதிய நூல் பொலோஞா விஞ்ஞானக் கழகத்தின் வெளியீட்டில் அச்சாகியது. உயிர்களின் உடலில் இயல்பாகவே மின்சாரம் உண்டு. மூளை அதனைப் பிரித்தெடுக்கின்றது. நரம்புகள் அதனைக் கொண்டு செல்கின்றன. தசையின் ஒவ்வோரிழையும் லைடன் ஜாடியைப் போல் அதனைத் தேக்கி வைத்திருக்கின்றது என்பது அந்நூலின் சாரம். ஹாலரின் தடைக்கும் அவர் விடை கூறினார்: நரம்பின் உட்பாகம் மின்சாரத்தைக் கடத்தும், அதனைச் சூழ்ந்த கொழுப்புப் பொருள் மின்சாரம் புறத்தே பரவாமற் காக்கும். நூல் வெளிவந்ததும் ஐரோப்பாவெங்கும் அறிஞர் தவளைகளைத் தேடத் தொடங்கினர்.

அவருள் தலைசிறந்தவர் அலெஸ்ஸாந்திரோ வோல்டா. கோமோ நகரிற் பிறந்து பாவியா சர்வகலாசாலையிற் பௌதிகப் பேராசிரியராக விளங்கிய இவர், கால்வானிக்கு எட்டாண்டு இளையவர். முதலில் ஐயுற்றார், தாமே செய்து பார்த்தபின் வியந்து போற்றினார், மேலும் ஆராய்ந்த பின் மறுக்கத் தலைப்பட்டார். ஒரே உலோகத்தால் தொடுவதினும் வெவ்வேறு இரண்டு உலோகங்களால் தொடுங்கால் தவளைக் கால் மிக விரைந்து துடித்தலை அவர் கண்டார். பித்தளைக் கொக்கியும் இரும்புக் கிராதியும் வேறுவேறு உலோகங்கள் அன்றோ? எனவே மின்சாரம் பிறப்பது உலோகங்களின் சேர்க்கையில்; தவளை அதனை உணர்ந்து காட்டும் நுண்ணிய கருவியே என்று அவர் முடிவு செய்தார். தம் கொள்கைக்குச் சான்றாகத் தம் நாவையே பயன்படுத்தினார். வெவ்வேறு உலோகத் துண்டுகள் இரண்டை நாவின் மேலும் கீழும் வைத்து ஒன்றோடொன்று தொடச் செய்தால், நாவில் ஒரு புளிப்புச் சுவை தோன்றுகின்றது. கண்ணருகே அவ்வாறு செய்தால் ஒளி தோன்றி மறைகின்றது. ஆங்குப் புளித்த பொருளும் இல்லை, விளக்கும் இல்லை. இது கால்வானியை மறுக்கச் செய்த சோதனையேயாயினும், புலன்களைப் பற்றிய பேருண்மையொன்று இதனுள் அடங்கியிருத்தல் காண்க. ஒரே மின்சாரம் நாவின் நரம்பைத் தீண்டினாற் சுவையாகின்றது. கண்ணின் நரம்பைத் தீண்டினால் ஒளியாகின்றது. காலின் நரம்பைத் தீண்டினால் அசைவாகின்றது. தூது ஒன்றே, அது சென்று சேரும் இடமே வேறு.

வோல்டாவின் தடைக்குக் கால்வானி சொல்லால் விடையிறுக்கவில்லை, சோதனையால் விடையிறுத்தார். உலோகமே இல்லாமற் கால் துடிக்குமாயின் தம் கொள்கை நிலைபெறும் அன்றோ? 1794 இல் பெயரிடாது வெளிவந்த நூலொன்றில், அறுத்த நரம்பின் நுனியைத் தசையின்மேற் படச் செய்த அளவிலேயே தசை சுருங்கியமை விளக்கப்பெற்றது. நரம்பும் தசையும் வேற்றுப் பொருள்களாதலின் அவற்றின் சேர்க்கையே மின்சாரத்தைப் பிறப்பித்தது என்றார் வோல்டா. 1795 இல் கால்வானி அட்ரியாடிக் கடற்கரைக்குச் சென்று மின்திருக்கைகளை ஆராய்ந்தார். 1797 இல் ஸ்பல்லன்சானி என்னும் அறிஞர்க்கு எழுதிய கட்டுரைகளில் மற்றொரு சோதனையைக் கூறினார். ஒரு காலின் நரம்பை மறுகாலின் நரம்பின்மேல் வைத்தார். உலோகம் இல்லை, தசையும் இடையில் இல்லை, நரம்போடு நரம்பே கூடியது. கால்கள் இரண்டும் துடித்தன. உயிரின் மின்சாரம் உயிரினுடையதே என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று அக்காலத்தில் வேறில்லை. எனினும் உலகம் அதனை ஊன்றிக் கேட்கும் நிலையில் அன்று இருக்கவில்லை.

அஃது இத்தாலிக்குக் கலக்கமான காலம். நெப்போலியனின் பிரெஞ்சுப் படைகள் 1796 இல் பொலோஞாவினுட் புகுந்தன. 1797 இல் வட இத்தாலியிற் சிசால்பைன் குடியரசு என்னும் புதிய அரசு அமைக்கப்பெற்றது. அதன்கீழ்ப் பணியாற்றும் பேராசிரியர் யாவரும் அவ்வரசிற்கு விசுவாசப் பிரமாணஞ் செய்தல் வேண்டும் என்று ஆணை பிறந்தது. கால்வானி மறுத்தார். அப்பிரமாணம் தம் சமய நம்பிக்கைக்கும் மனச்சான்றுக்கும் முரணானது என்று அவர் கருதினார். அவர் கலகக்காரர் அல்லர். அரசியலிற் புகுந்தவரும் அல்லர். உள்ளம் ஒப்பாததை நாவினாற் கூற இயலாதவர், அவ்வளவே. 1798 இல் அவர்தம் பேராசிரியப் பதவிகள் பறிக்கப்பெற்றன. வருவாய் அற்றது. மனைவியை முன்னரே இழந்த அவர், அறுபதாண்டு கடந்த நிலையில், உடன்பிறந்தார் இல்லத்தில் அடைக்கலம் புகுந்தார்.

ஈண்டு யாம் சிறிது நின்று சிந்திக்க விரும்புகின்றோம். மின்பொறி பட்டால் தவளைக் கால் அசைந்தே தீரும். அசையாதிருக்க அதற்கு உரிமையில்லை. அவ்வசைவின் நெறியை உலகிற்குக் காட்டியவரே, பேரரசின் ஆணை தம்மைத் தீண்டியபோது அசையாது நின்றார். நரம்பும் தசையும் மாந்தர்க்கும் விலங்கிற்கும் ஒத்தனவே. ஆயினும் ஏவப்பட்டதை எண்ணிப் பார்த்து, வேண்டாவென்று நிற்கும் ஆற்றல் மாந்தர்பால் உண்டு. அதனைக் கால்வானி தம் நூலில் எழுதவில்லை; வாழ்வில் எழுதினார்.

அவர் புகழை எண்ணி, பிரமாணமின்றியே மீண்டும் பதவியளிக்க அரசினர் பின்னர் இசைந்தனர். அவ்வருள் காலந்தாழ்த்து வந்தது. 1798 ஆம் ஆண்டு டிசம்பர் 4 ஆம் நாள் கால்வானி தாம் பிறந்த நகரிலேயே இறந்தார். லூசியா அடக்கஞ் செய்யப்பெற்ற ஆலயத்திலேயே அவரும் அடக்கஞ் செய்யப்பெற்றார். மறு ஆண்டில் வோல்டா, வெவ்வேறு உலோகத் தகடுகளை மாறிமாறி அடுக்கி, அவற்றினிடையே உப்புநீர் தோய்ந்த அட்டைகளை வைத்து, இடையறாது மின்சாரம் தரும் அடுக்கொன்றை அமைத்தார். 1800 இல் அதனை லண்டன் ராயல் சங்கத்திற்கு எழுதி அறிவித்தார். மின்திருக்கையின் உடலிலுள்ள மின்னுறுப்பையே ஒத்திருக்குமாறு அதனைத் தாம் அமைத்ததாகவும் அவர் கூறினார். உலகின் முதல் மின்கலம் தோன்றியதற்குத் தவளையும் திருக்கையும் காரணமாயின. வோல்டாவை உலகம் கொண்டாடியது. மறைந்த கால்வானியின் கொள்கை மறக்கப்பெற்றது. அவர் மருமகனாகிய அல்தீனி என்பார் ஊர்தோறுஞ் சென்று சோதனைகள் காட்டி அதனைக் காக்க முயன்றார், கூட்டத்தார் வியந்தனர், அறிஞர் பலர் தெளியவில்லை.

ஆயினும் உண்மை ஒளிந்திருக்குமே யன்றி ஒழிவதில்லை. 19 ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் இத்தாலியராகிய கார்லோ மத்தேயுச்சி, நுண்ணிய மின்னளவு கருவியின் துணைகொண்டு, வெட்டுண்ட தசையின் உட்புறத்திற்கும் வெட்டுறாத மேற்புறத்திற்கும் இடையே மின்சாரம் ஓடுதலை அளந்து காட்டினார். கால்வானியின் 1794, 1797 ஆம் ஆண்டுச் சோதனைகளில் கால் துடித்தமைக்குக் காரணம் இதுவே. பெர்லினில் தூ புவா ரேமோன் என்பார், நரம்பு செயற்படுங்கால் அம்மின்சாரம் மாறுபடுதலைக் கண்டார். 1850 இல் ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்பார் தவளையின் நரம்பிற் செய்தி செல்லும் வேகத்தை அளந்தார். அது நொடிக்கு ஏறக்குறைய 27 மீட்டர் என விளங்கியது. கம்பியில் ஓடும் மின்சாரத்தை நோக்க இது மிகவுஞ் சிறிய வேகம். எனவே நரம்பில் ஓடுவது கம்பி மின்சாரம் போல்வதன்று என்பது தெளிவாயிற்று.

அங்ஙனமாயின் அஃது எத்தகையது? ஆங்கிலேயராகிய ஹாட்ஜ்கினும் ஹக்ஸ்லியும், கணவாயின் உடலிலுள்ள மிகப் பருத்த நரம்பிழையை ஆராய்ந்து 1952 இல் இதற்கு விடை கண்டனர். 1963 இல் நோபெல் பரிசும் பெற்றனர். அவர் கூறியதை எளிதிற் கூறுவோம். ஓய்ந்திருக்கும் நரம்பிழையின் உட்புறம் வெளிப்புறத்தை நோக்க எதிர்மின் தன்மை உடையது. தூண்டப்பெற்றபோது, இழையின் மெல்லிய சவ்விலுள்ள நுண்வாயில்கள் திறக்கின்றன. வெளியே நிறைந்துள்ள சோடியம் அயனிகள் உட்பாய்கின்றன. உட்புறம் ஒரு கணம் நேர்மின் தன்மை அடைகின்றது. உடனே பொட்டாசியம் அயனிகள் வெளியேறப் பழைய நிலை மீள்கின்றது. இம்மாற்றம் அடுத்த இடத்தின் வாயில்களைத் திறக்க, அஃது அதற்கடுத்த இடத்தின் வாயில்களைத் திறக்க, இவ்வாறே அலை போலச் செய்தி செல்கின்றது. நரம்பு தசையைச் சேருமிடத்து மின்சாரம் நேரே தாவுவதில்லை. அசிட்டைல்கோலின் என்னும் இரசாயனப் பொருள் நரம்பின் நுனியினின்று கசிந்து தசையைத் தூண்டுகின்றது.

இனி முள் தைத்த காலை நோக்குவோம். தோலிலுள்ள நரம்பின் நுனி முள்ளின் அழுத்தத்தை மின்னலையாக மாற்றுகின்றது. அவ்வலை தண்டுவடத்தை அடைகின்றது. அங்கேயே ஆணை பிறந்து வேறு நரம்பின் வழியே தசையை எய்த, கால் மேலெழுகின்றது. மூளைக்குச் செய்தி எட்டி நோவு தோன்றுவது அதற்குப் பின்னரே. பூனையின் பாய்ச்சலும், மீனின் விலகலும், இவ்வெழுத்துக்களைப் படிப்பார் கண்ணின் அசைவும் இம்மின்னலையின் வழியே நிகழ்வன.

இப்பொழுது இருவர் வழக்கையும் தீர்த்துக் கூறலாம். உலோகங்களின் சேர்க்கையில் மின்சாரம் பிறக்கும் என்றதில் வோல்டா மெய்யர். உயிரின்கண் மின்சாரம் இல்லை என்றதிற் பிழைத்தார். உயிரின்கண் மின்சாரம் உண்டு என்றதிற் கால்வானி மெய்யர். கிராதியில் தொங்கிய கால் துடித்ததற்கு உலோகம் காரணமன்று என்றதிற் பிழைத்தார். ஒருவர் பிழையை மற்றொருவர் திருத்த முயன்றமையாலேயே மின்கலமும் நரம்பு நூலும் உலகிற்குக் கிடைத்தன. இன்று மின்னழுத்தத்தை அளக்கும் அலகு வோல்டாவின் பெயரையும், மின்னோட்டத்தைக் காட்டும் கருவியொன்று கால்வானியின் பெயரையும் தாங்கி, சோதனைச் சாலை மேசைமேல் அருகருகே நிற்கின்றன.

நம்முட் பலர், தேர்விலும் சொற்போரிலும் தோற்றவுடன் நம் உழைப்பெல்லாம் வீணாயிற்றென்று சோர்வதுண்டு. கால்வானி இறந்தபோது மனைவியில்லை, மக்களில்லை, பதவியில்லை, தம் கொள்கை வெல்லும் என்பதற்கு உறுதியும் இல்லை. தாம் கண்டது மெய் என்னும் தெளிவும், தம் உள்ளத்திற்குத் தாம் பொய் கூறவில்லை என்னும் அமைதியுமே அவர்பால் எஞ்சியிருந்தன. அவை போதும் என்று அவர் வாழ்ந்தார். ஒன்றரை நூற்றாண்டு கழித்து உலகம் அவர் கூற்றின் பாதியை மெய்யென்று ஏற்றது. மற்றைப் பாதியின் பிழையும் பயனற்றுப் போகவில்லை. எனவே, நம் காலில் இனியொரு முறை முள் தைக்குமாயின், நோவுக்கு முன்னே அடியைத் தூக்கிய அத்தூதனை நினைப்போம். அவனை முதலில் இனங்கண்ட பொலோஞா நகரத்து வைத்தியரையும் உடன் நினைப்போம்.